விதி இல்லாத ஆட்டம்: ஹார்ட்கோர் ரெஸ்லிங் பற்றிச் சில குறிப்புகள்

2016 பிப்ரவரி 24-ஆம் தேதி, உத்தராகண்ட் மாநிலம் ஹல்த்வானியில் ஒரு ரெஸ்லிங் நிகழ்ச்சி. 'தி கிரேட் காளி' என்று உலகம் அறிந்த தலீப் சிங் ராணாவை வெளிநாட்டு வீரர்கள் சிலர் சேர்ந்துகொண்டு மடக்கு நாற்காலியால் அடித்தார்கள். தலையில் ரத்தம். ஐ.சி.யூ., ஏழு தையல் என்று செய்தி வந்தது. இந்திச் சேனல்கள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டின. பழிக்குப் பழி வாங்குவேன் என்று மருத்துவமனையிலிருந்தே சொன்னார் காளி. நாலே நாளில், 28-ஆம் தேதி, டேராடூனில் ரிங்குக்குள் ஏறி பிராடி ஸ்டீல் என்ற கனடாக்காரரை வீழ்த்தினார்.

இதைப் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, "பாவம்யா, மண்டை உடைஞ்சிருச்சு" என்றது. இன்னொரு கட்சி, "எல்லாம் டூப்பு. நாலு நாள்ல எந்திரிச்சு வர்றான் பாரு" என்று சிரித்தது. ரெஸ்லிங் என்றாலே நிஜமா பொய்யா என்ற இந்த ஒரு கேள்வியோடு நம்ம ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். அந்த ரத்தம் என்ன வேலை செய்தது, யாருக்காகச் செய்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் இங்கே என் கேள்வி.

முதலில் சொற்களைச் சரிபண்ணிக்கொள்வோம். ப்ரொஃபஷனல் ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பது முன்னாடியே பேசி வைத்தது. அடிப்பது, விழுவது, எழுவது எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்யும் வேலை. இண்டிபெண்டெண்ட் ரெஸ்லிங், சுருக்கமாக இண்டி, என்பது டபிள்யூ.டபிள்யூ.இ. மாதிரிப் பெரிய டி.வி. ஒப்பந்தம் இல்லாத சின்னக் கம்பெனிகளின் உலகம். பள்ளிக்கூட ஜிம், சமூகக் கூடம், காலியான குடோன் என்று கிடைத்த இடத்தில் ரிங் கட்டுவார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி. ஹார்ட்கோர் மேட்ச் என்றால் விதி தளர்த்தப்பட்ட ஆட்டம். நாற்காலி, மேசை, ஏணி, முள்கம்பி, போர்டு பின், டியூப்லைட் எதை எடுத்து அடித்தாலும் தகுதியிழப்பு கிடையாது. அதன் கடைசி எல்லைக்கு டெத்மேட்ச் என்று பெயர். முடிவு பேசி வைத்ததுதான், ஆனால் முள்கம்பியும் கண்ணாடியும் அதைக் கேட்டுக்கொண்டு கிழிக்காமல் இருக்கப்போவதில்லை. நெற்றியில் பிளேடால் தானே கீறிக்கொண்டு ரத்தம் வரவழைப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். அந்த ரத்தமும் சொந்த ரத்தம்தான். ஆக, 'டூப்பு' என்ற சொல் இங்கே பாதி தூரம்தான் கூட வரும்.

விதி இருந்தால்தான் மீறல்

தகுதியிழப்பு என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்கு எங்க ஊர் ஞாபகம் வந்துவிடும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. எல்லாரும் தேர்தல் பெருமையைத்தான் பேசுவார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டின் பெரும்பகுதி, யார் நிற்கக்கூடாது என்ற பட்டியல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் நிற்கக்கூடாது, அவனுடைய உறவினர் நிற்கக்கூடாது என்று விரல் விட்டு எண்ணி வைத்திருக்கிறார்கள். விலக்கு இருக்கிற இடத்தில்தான் தேர்வுக்கு ஒரு மதிப்பு.

ரெஸ்லிங்கிலும் இதே கணக்குதான். நடுவர் ஒருவர் இருக்கிறார், நாற்காலியைத் தொட்டால் ஆட்டம் போச்சு என்ற விதி இருக்கிறது. வில்லன் நடுவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலியை எடுக்கும்போது கூட்டம் கத்துவது அந்த விதியின் பலத்தால்தான். பல மாதம் இப்படி ஏமாற்றியவனை ஒருநாள், "சரிடா, இனி விதியே கிடையாது, வா" என்று நாயகன் கூப்பிட்டால், அந்த விதி நீக்கமே கதையின் உச்சம். பெரிய கம்பெனிகளில் ஹார்ட்கோர் மேட்ச் இப்படிப் பகையை முடித்துவைக்கும் கருவியாகத்தான் பிறந்தது.

இண்டியில் இது தலைகீழாகிவிடுகிறது. ராத்திரிக்கு ராத்திரி, முதல் ஆட்டத்திலிருந்தே விதி இல்லை. எப்போதும் இல்லாத விதியை எப்படி நீக்குவது? நாற்காலி வெறும் நாற்காலியாகிவிடுகிறது. அப்புறம் மேசை, அப்புறம் முள்கம்பி, அப்புறம் டியூப்லைட், அப்புறம் தீ. கந்துவட்டிக்காரனிடம் கைநீட்டியவன் நிலைமைதான். ரசிகனின் நம்பிக்கையை இன்றைக்கு ரத்தத்தைக் காட்டிக் கடன் வாங்கினால், அடுத்த மாதம் அதே நம்பிக்கைக்கு இன்னும் கொஞ்சம் ரத்தம் கூட வைக்க வேண்டும்.

காசு இல்லாத கம்பெனி

இதற்காக ஹார்ட்கோரை வெறும் வெறித்தனம் என்று ஒதுக்குவதும் சரியில்லை. அது வந்த வழியைப் பார்த்தால் காரணம் புரியும்.

நம்ம பக்கத்து ஆள் ஒருவரிடமிருந்தே தொடங்கலாம். டைகர் ஜீத் சிங் பஞ்சாபில் பிறந்து கனடா போனவர். 1970-களில் ஜப்பானில் பெரிய வில்லன். தலைப்பாகையும் வாளுமாக வருவார், ரசிகர்கள் நாற்காலியை விட்டு ஓடுவார்கள். 'இந்தியாவின் வெறிபிடித்த புலி' என்பது அங்கே அவருக்குப் பட்டம். 1973 நவம்பரில் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில், மனைவியோடு கடைக்கு வந்திருந்த அந்தோனியோ இனோக்கியை அவர் நடுத்தெருவில் தாக்கிய சம்பவம் ஜப்பான் ரெஸ்லிங் வரலாற்றில் இன்றைக்கும் பேசப்படுகிறது. ஏன் தெருவில்? இனோக்கி நியூ ஜப்பான் கம்பெனியை ஆரம்பித்தது 1972-ல். ஒன்றரை வருஷக் கம்பெனி. வெளிநாட்டுப் பெரிய பெயர்களைக் கூட்டிவரும் தொடர்புகள் போட்டிக் கம்பெனியிடம் இருந்தன. பெயர் இல்லாத கம்பெனிக்கு ஒரு பகை தேவைப்பட்டது, அந்தப் பகையை உடம்பால் உருவாக்கிக் கொடுத்தார் ஜீத் சிங். (அதே மனிதரின் பெயரில் இப்போது கனடாவின் மில்டன் நகரத்தில் ஒரு அரசுப் பள்ளி இருக்கிறது. நாட்டுக்கு நாடு வில்லனின் கதி மாறும்!)

1989-ல் அட்சுஷி ஒனிட்டா எஃப்.எம்.டபிள்யூ. என்ற கம்பெனியைத் தொடங்கினார். முழங்கால் போய் ஓய்வுபெற்றிருந்தவர். டி.வி. கிடையாது, நட்சத்திரங்கள் கிடையாது. 1990 ஆகஸ்ட் 4-ஆம் தேதி டோக்கியோவில் ரிங்கைச் சுற்றிக் கயிறுக்குப் பதில் முள்கம்பி கட்டி, அதில் சின்ன வெடிகளை வைத்து ஆடினார். ஊரே பேசியது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1990-களில் இ.சி.டபிள்யூ. இதே பாதையில் போனது. ஒரு பிங்கோ கூடம்தான் அதன் அரங்கம். 1999-ல் வந்த சி.இசட்.டபிள்யூ. 2002 முதல் 'டோர்னமென்ட் ஆஃப் டெத்' என்று வருஷாவருஷம் ஒரு போட்டியே நடத்த ஆரம்பித்தது.

மூன்றிலும் ஒரே பொருளாதாரம்தான். பெரிய கம்பெனி காசு கொடுத்து வாங்குவதைச் சின்னக் கம்பெனி உடம்பைக் கொடுத்து வாங்குகிறது. விளம்பரப் பலகைக்குக் காசில்லை, ஆனால் முகம் முழுக்க ரத்தத்தோடு ஒரு போட்டோ இருந்தால் பத்திரிகைக்காரன் தானாகப் போடுவான். அன்றைக்குப் பத்திரிகை, இன்றைக்கு யூடியூப்.

இன்னொரு நியாயமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் ஓரவஞ்சனை. பாடிபில்டர் உடம்பு இல்லாதவர்கள், வயசானவர்கள், உயரம் குறைந்தவர்கள் ஆகியோருக்குப் பெரிய கம்பெனியின் கதவு அடைத்தே இருந்தது. ஹார்ட்கோர் அவர்களுக்கு ஒரு சந்து திறந்துவிட்டது. மிக் ஃபோலியைப் பார்த்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் ஆள் மாதிரி இருப்பார். 1995 ஆகஸ்டில் ஜப்பானின் கவாசாகி ஸ்டேடியத்தில் நடந்த டெத்மேட்ச் போட்டியில் டெர்ரி ஃபங்க்கைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார். பிறகுதான் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அவரைக் கூப்பிட்டது. 1998 ஜூன் 28-ல் அண்டர்டேக்கர் கூண்டின் உச்சியிலிருந்து அவரைத் தூக்கி எறிந்த காட்சி, ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடிய நம் தலைமுறைக்கு மனப்பாடம். பள்ளி இடைவேளையில் உயரம், எடை, நெஞ்சளவு, ரேங்க் என்று அட்டையைப் பார்த்துச் சண்டை போட்டோமே, அதில் ஃபோலியின் நெஞ்சளவு யாரையும் ஜெயிக்காது. ஆனால் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும்.

சைக்கிள்காரரும் துச்சாதனனும்

இந்த விஷயத்தை நம்ம மண்ணில் வைத்துப் பார்க்க இரண்டு ஆட்டங்கள் கைவசம் இருக்கின்றன.

முதலாவது, சைக்கிள் சுற்றுகிற வித்தை. நாற்பது வயசைத் தாண்டியவர்கள் கிராமத்தில் கண்டிப்பாகப் பார்த்திருப்பார்கள். ஊர்ப் பொதுத்திடலில் கம்பு நட்டு, சீரியல் பல்பு கட்டி, ஒருத்தர் ஒரு வாரம் சைக்கிளைவிட்டு இறங்காமல் சுற்றுவார். சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிள் மேலேயே. பொழுது சாய்ந்தால் மைக் செட்டும் ரெக்கார்ட் டான்ஸும். இடையிடையே நெஞ்சில் டியூப்லைட்டை உடைத்துக்கொள்வார். சில பேர் குழிக்குள் படுத்து மண்ணைப் போட்டு மூடச் சொல்வார்கள். ஜனங்கள் உச்சுக்கொட்டிக்கொண்டே சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் அடுத்த ஊர். அவருக்குக் கதை கிடையாது, எதிரி கிடையாது. உடம்பு ஒன்றுதான் சரக்கு. அந்தத் திடலில் அவர் உடைத்த டியூப்லைட்டுக்கும் பிறகு அமெரிக்க டெத்மேட்ச்களில் நான் வீடியோவில் பார்த்த டியூப்லைட்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, நம்ம பக்கத்துக் கூத்து. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து என்று நாள்கணக்கில் போகும். துகில் உரியும் கட்டம் வரும்போது ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் துச்சாதன வேஷக்காரர் சேலையில் கை வைப்பார். தான் செய்யப்போகும் காரியத்துக்கு அம்மனிடம் முன்கூட்டியே மன்னிப்பு. எதிரில் திரௌபதி வேஷத்தில் இருப்பவருக்கும் அது ஒரு உத்தரவாதம். கடைசி நாள் படுகளத்தில், திறந்தவெளியில் மல்லாந்து கிடக்கும் துரியோதனன் ஒரு பெரிய மண்ணுருவம். பீமன் தொடையில் அடிக்கிறான். அங்கிருந்து எடுப்பது சாயம் கரைத்த செந்நீர். அதை வைத்துத்தான் அம்மன் கூந்தல் முடிப்பது. அது சாயத் தண்ணி என்று தெரியாத ஆள் அந்தக் களத்தில் ஒருத்தரும் இல்லை. ஆனாலும் பெண்களுக்குச் சாமி வரும், பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "டூப்பு" என்று யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

ஏன்? பத்துப் பதினைந்து நாளாகக் கதையைக் கேட்டுக் கேட்டு, அந்த அடிக்காக ஊரே காத்திருக்கிறது. சூதாட்டம், துகில், வனவாசம், அபிமன்யு என்று ஒவ்வொன்றாகப் பாக்கி ஏறி, அந்த ஒரு அடியில் கணக்குத் தீர்கிறது. நம்பிக்கை கதையிலிருந்து வருவதால் உடம்பிலிருந்து எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

கதை முழுக்க இருந்தால் சாயத் தண்ணியே ரத்தம். கதையே இல்லாவிட்டால் சைக்கிள்காரரின் நிஜக் காயமும் ஒரு ரூபாய்க்கான உச்சுக்கொட்டல். ஹார்ட்கோர் ரெஸ்லிங் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு மேட்ச் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்துத்தான் அது நல்ல மேட்ச்சா, வெறும் காயமா என்று நான் முடிவு பண்ணுகிறேன்.

உடனே ஒரு ஆட்சேபம் வரும். கூத்துக்கு மகாபாரதம் இருக்கு, கோயில் இருக்கு, தலைமுறை தலைமுறையா பழகின ஜனம் இருக்கு. நேத்து ஆரம்பிச்ச கம்பெனி எங்கே போகும்? நியாயமான கேள்விதான். ஆனால் ரெஸ்லிங்கில் கதையைக் கட்ட மகாபாரதம் வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும். இந்தியாவிலேயே அதற்குச் சாட்சி உண்டு. தாரா சிங் 1968 மே 29-ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸைத் தோற்கடித்தபோது முள்கம்பியும் இல்லை, டியூப்லைட்டும் இல்லை. பல வருஷமாக கிங் காங் போன்றவர்களோடு மோதி மோதி ஜனங்கள் மனதில் அவர் ஏறியிருந்தார். ரெஸ்லிங் பார்த்தே இராத நம்ம ஊர்ப் பாட்டிகூட, "நீ என்ன பெரிய தாராசிங்கா?" என்று பேரனைக் கேட்பாள். பெயர் அந்த அளவுக்கு மொழியிலேயே கலந்துவிட்டது.

ஒனிட்டாவே இதை நிரூபித்திருக்கிறார். 1993 மே 5-ஆம் தேதி, கவாசாகி ஸ்டேடியத்தில் ஒனிட்டாவும் டெர்ரி ஃபங்க்கும் மோதிய வெடி மேட்ச். குறிப்பிட்ட நேரத்தில் ரிங்கே வெடிக்கும் என்று ஏற்பாடு. ஒனிட்டா ஜெயித்துவிட்டு வெளியே போகிறார். ஃபங்க் உள்ளே மயங்கிக் கிடக்கிறார், கடிகாரம் ஓடுகிறது. எழுப்பிப் பார்க்கிறார், முடியவில்லை. வெடிக்கப்போகும் நேரத்தில் ஃபங்க் மேல் தன் உடம்பைப் போட்டு மூடிக்கொள்கிறார். அந்த மேட்ச்சில் வெடிச்சத்தம் யாருக்கும் பெரிதாக நினைவில் இல்லை. எதிரியை மூடிக்கொண்ட அந்த உடம்புதான் நிற்கிறது. ரெஸ்லிங்கின் அடிப்படை ரகசியம் அதில் அப்பட்டமாக வெளியே வந்துவிட்டது. அடிப்பவன் கையில்தான் அடிவாங்குபவன் உயிர் இருக்கிறது. துச்சாதனன் ஏற்றும் கற்பூரம் சொல்வதும் வேறொன்றும் இல்லை.

யார் தலையில் விடிகிறது

சரி, கதை இல்லாத ரத்தத்துக்கு விலை என்ன?

1996 நவம்பர் 23. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சின்ன ஊர், இ.சி.டபிள்யூ. நிகழ்ச்சி. வர வேண்டிய வீரர் வரவில்லை. எரிக் குலாஸ் என்ற 17 வயசுப் பையன், வயசைக் கூட்டிச் சொல்லி, பயிற்சி உண்டு என்றும் பொய் சொல்லி அந்த இடத்தில் ஏறினான். தன்னைத்தானே கீறிக்கொள்ளத் தெரியாததால் எதிராளி நியூ ஜாக்கிடமே கீறிவிடச் சொன்னான். கீறல் ஆழமாகப் போய் ரத்தக்குழாய் அறுந்தது. வழக்கு நடந்து நியூ ஜாக் விடுதலையானார். பையன் பொய் சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு சான்றிதழைக்கூடக் கேட்காமல் அவனை ரிங்குக்குள் விட்டது யார்? விதியே இல்லை என்பதை விளம்பரமாக விற்கிற இடத்தில், வயசு கேட்கிற விதியும் சேர்ந்தே காணாமல் போகிறது. எங்க ஊர்க் கல்வெட்டில் வயசு வரம்பும் உண்டு: 35-க்கு மேல், 70-க்குக் கீழ். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கிராமசபைக்குத் தோன்றியது இது.

2009 டோர்னமென்ட் ஆஃப் டெத்தில் நிக் கேஜ் டியூப்லைட் கண்ணாடி அக்குளில் பாய்ந்து, ரத்தக்குழாய் அறுந்து, ஹெலிகாப்டரில் கொண்டுபோகப்பட்டார். பிழைத்தார், திரும்ப வந்தார், அதே ஆட்டத்தின் பெரிய நட்சத்திரமாகவும் ஆனார். ரசிகர்கள் இதை வீரம் என்று கொண்டாடுகிறார்கள். எனக்குச் சைக்கிள்காரரின் அடுத்த ஊர்தான் தோன்றுகிறது.

கண்ணுக்குத் தெரியாத விலை இதைவிடப் பெரிசு. கிறிஸ் பென்வா 2007-ல் இறந்த பிறகு அவர் மூளையைப் பரிசோதித்ததில் தொடர்ந்து அடிபட்டதன் சேதம் தெரிந்தது. 2010-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. தலையில் நாற்காலியால் அடிப்பதை நிறுத்தியது. பணக்காரக் கம்பெனி நிறுத்தியதை ஏழைக் கம்பெனிகள் எல்லாமே நிறுத்தின என்று சொல்லமுடியாது. ஹல்த்வானி 2016-ல். அப்போது அந்தத் தடைக்கு ஆறு வயசு.

காளி விஷயத்தில் இன்னொரு பின்கதையும் உண்டு. 2001 மே மாதம், கலிபோர்னியாவில் ஒரு இண்டி கம்பெனியின் பயிற்சிப் பள்ளியில் அவரும் மாணவராக இருந்தபோது, அவரோடு பயிற்சி செய்த ஒரு இளைஞர் தூக்கிப் போடப்பட்டு விழுந்ததில் இறந்துபோனார். முன்பே தலையில் அடிபட்டிருந்தவர் அவர். பள்ளி அலட்சியமாக இருந்தது என்று நீதிமன்றத்தில் ஜூரி தீர்ப்பளித்து, 13 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அங்கே நாற்காலி இல்லை, முள்கம்பி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு சாதாரணத் தூக்கிப்போடல். ஹார்ட்கோர் செய்யும் பெரிய ஏமாற்று இதுதான் என்று நினைக்கிறேன். ஆபத்து ரத்தத்தில் இருக்கிறது என்று நம்மை நம்பவைக்கிறது. நிஜ ஆபத்து கழுத்திலும் மூளையிலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

"எல்லாரும் மேஜர், விருப்பப்பட்டுத்தானே ஏறுறாங்க" என்பார்கள். விருப்பம் என்பது வேறு வழி இருக்கிறவன் சொல்லும்போதுதான் விருப்பம். ரெஸ்லர்களுக்குத் தொழிற்சங்கம் கிடையாது. 1986-ல் ஜெஸ்ஸி வென்சுரா சங்கம் அமைக்கப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. டபிள்யூ.டபிள்யூ.இ.யே தன் ஆட்களை ஊழியர் என்று ஒப்புக்கொள்வதில்லை, ஒப்பந்தக்காரர் என்றுதான் கணக்கு. பெரிய இடத்திலேயே இப்படியென்றால் ஆட்டக்கூலி வாங்கும் இண்டிக்காரரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம்ம பக்கத்தில் கூத்துக் கலைஞர்கள் 1990-ல் கட்டைக்கூத்து சங்கம் என்று தங்களுக்கென ஒரு அமைப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். வருமானம் குறைச்சலான கலைதான். இருந்தும் கூடிப் பேச ஒரு திண்ணை அவர்களுக்கு அமைந்தது.

இரண்டு வீடியோக்கள்

மறுபடி 2016. காளியின் ஜலந்தர் கம்பெனி சி.டபிள்யூ.இ.யிலிருந்து அந்த வருஷம் இரண்டு வீடியோக்கள் நாடு முழுக்கச் சுற்றின. ஒன்று ஹல்த்வானி. இன்னொன்று சில மாதம் கழித்து வந்தது. பி.பி. புல்புல் என்ற பெண் ரெஸ்லர் ரிங்கில் நின்று, "என்னோட மோத யாராவது இருக்கீங்களா?" என்று கூட்டத்தைச் சவாலுக்கு இழுக்கிறார். சல்வார் கமீஸ் போட்ட ஒரு பெண் கூட்டத்திலிருந்து எழுந்து வருகிறார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிய மாதிரி ஒரு தோரணை. புல்புல்லைத் தூக்கி அடிக்கிறார். அவர் கவிதா தேவி, ஹரியானாக்காரர், அதே வருஷம் தெற்காசியப் போட்டியில் எடைதூக்குதலில் தங்கம் வாங்கியவர்.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் அந்தக் கதையை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சந்தையில் வம்பு பண்ணுபவரை, "போதும் நிறுத்து" என்று ஒரு பொம்பளை எழுந்து கேட்கிற கதை எந்த ஊரில் இல்லை? மகாபாரதம் மாதிரி எல்லாருக்கும் முன்பே தெரிந்த கதை. நடந்ததையும் பாருங்கள். கவிதா தேவி 2017-ல் டபிள்யூ.டபிள்யூ.இ.யின் மே யங் கிளாசிக் போட்டியில் சல்வார் கமீஸோடே ஆடினார். அந்தக் கம்பெனியில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

ஹல்த்வானி ரத்தம் கம்பெனிக்கு ஒரு வாரச் செய்தியைக் கொடுத்தது. சல்வார் கமீஸ் ஒரு பெண்ணுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்தது. ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே யூடியூப்.

இதனால் ஹார்ட்கோரைத் தடை பண்ணு என்று நான் சொல்ல வரவில்லை. ஒனிட்டா-ஃபங்க் மாதிரி ஒன்று அந்த வகையில்தான் பிறக்க முடியும். ஆனால் அடுத்த முறை ஒரு ஹார்ட்கோர் மேட்ச்சைப் பார்க்கும்போது இந்த மூன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்த நாற்காலியை எடுப்பதற்கு முன் அதை எடுக்கக்கூடாது என்று நமக்குத் தோன்ற வைத்தார்களா? ரத்தத்தை எடுத்துவிட்டால் அங்கே மிச்சம் ஏதாவது இருக்கிறதா? அடிபட்டவர் நாளைக்குக் காலையில் எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் காசில் போவார்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் எந்த வீடியோவிலும் இருக்காது. கம்பெனிக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். இந்தியாவில் இந்தத் தொழில் இன்னும் சின்னப் பயிர். பையன்களும் பெண்களும் ஜலந்தருக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகிற காலம் இது. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டு எழுதி வைத்துவிட்டால் நல்லது. கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக்கூடாது என்ற விதி எங்க ஊர்ச் சுவரில் ஏற்கெனவே இருக்கிறது, வேண்டுமானால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

2012-ல் கலர்ஸ் சேனலில் வந்த 'ரிங் கா கிங்' நிகழ்ச்சியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். டி.வி.யும் காசும் இருந்தும் அது ஏன் ஒரே சீசனோடு நின்றது என்பது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். அடுத்த குறிப்பில்.